பலகையில் ஒரு நேர்க்கோடு

அந்தப் பூட்டுத் தொழிற்சாலையின் மானேஜருக்குப் பெற்றவர்கள் ஒரு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மெஷின்காரர்கள், பாலிஷ் போடும் பெண்கள், வாசல் காவல்காரர் என்று எல்லோருக்கும் அவர் ‘பம்பரம்’. முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகு திரும்பியதும் பம்பரம். முதுகும் நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பும், மனிதர் ஓரிடத்தில் நின்றால்தானே! பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கென்று வாங்கிய சுழல் நாற்காலியின் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியவில்லை. அதை வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்படுவார்.

“தேய்றதா இருந்தா செருப்பு தேயட்டும், நாற்காலி ஏன் தேயணும்?” என்பார்.

செருப்பு தேய்ந்தது. கூடவே மற்றவர்களின் பொறுமையும் தேய்ந்தது, அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு வாரம் பூட்டு எண்ணிக்கை கொஞ்சம் இறங்கினால் போதும், அவருக்கு இருப்புக் கொள்ளாது. பாலிஷ் போடுகிறவர்களைப் பெட்டி கட்டும் மேசைக்கும், பெட்டி கட்டுகிறவர்களைப் பாலிஷுக்கும் மாற்றுவார். பத்து மணித் தேநீரைப் பதினொரு மணிக்குத் தள்ளுவார். ஒருமுறை மேசைகளையெல்லாம் ஜன்னலைப் பார்த்துத் திருப்பினார், வெளிச்சம் போதவில்லையாம். அடுத்த மாதம் எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துத் திருப்பினார், வேடிக்கை பார்க்கிறார்களாம். இன்னொரு முறை சிவப்பு அட்டைப்பெட்டியை நீலமாக்கினார். கடைக்காரர்கள் அதைப் போலிச் சரக்கு என்று நினைத்துப் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சரி, இறங்கினால்தான் இந்தக் கூத்து, ஏறினாலாவது மனிதர் சும்மா இருப்பார் என்று பார்த்தால் அது இன்னும் மோசம். “பாத்தீங்களா, முடியுது! அப்ப இன்னும் ஏத்தலாம்!” என்று ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் ஒன்றைக் கொண்டுவந்து தலையில் கட்டுவார். ஏறினாலும் வம்பு, இறங்கினாலும் வம்பு. அந்தத் தொழிற்சாலையில் ஆட்கள் நிம்மதியாக மூச்சுவிட வேண்டுமென்றால் எண்ணிக்கை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

அவரைக் குறை சொல்லி என்ன பண்ண? அவருக்கும் ஒரு கதை இருக்கிறது. இருபத்தாறு வயதில் தகர டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் மேற்பார்வை வேலை பார்த்தார். அங்கிருந்த மானேஜர் தங்கமான மனிதர். காலை நீட்டிப் பேப்பர் படிப்பார், யார் என்ன சொன்னாலும் “எல்லாம் சரியாயிடும், போங்க” என்பார். பிளாஸ்டிக் டப்பா சந்தைக்கு வந்தது. தகர டப்பா ஆர்டர் முக்கால் ஆனது, பாதி ஆனது, கால் ஆனது. எல்லாம் சரியாயிடும், போங்க. ஒரு புதன்கிழமை காலை போய்ப் பார்த்தால் கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது நாள் வழக்கம்போல் சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்பி, ஒரு பூங்கா பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். உட்காருவது என்றாலே அவருக்கு அந்த பெஞ்சுதான். அன்று அதிலிருந்து எழுந்து பிடித்த நடையை அவர் இன்னும் நிறுத்தவில்லை.

வாசலில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பம்பரம் கையில் ஸ்கேலும் கறுப்பு மையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். போன வாரம் ஸ்டோருக்கு வந்த பூட்டுகள் எத்தனை என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு புள்ளி வைத்து, முந்தைய புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுப்பார். யாரையும் தொடவிட மாட்டார். மேலே சிவப்பில் ஒரு கோடு, அது இலக்கு. கறுப்புக் கோடு அதைத் தொடும்வரை அவருக்குத் தூக்கம் கிடையாது. வேலைக்கு வருகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார்கள், இந்த வாரம் நமக்கு என்ன வரப்போகிறது என்று.

இரும்புப் பூட்டுக்கும் அலமாரிப் பூட்டுக்கும் கோடு ஏறி இறங்கி ஒரு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பித்தளைப் பூட்டுக்குத்தான் விசித்திரம். பதினான்கு மாதமாக ஒரே நேர்க்கோடு. இரண்டாயிரத்து நானூறு, இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு, மறுபடி இரண்டாயிரத்து நானூறு. ஸ்கேல் வைத்து இழுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கோடு படுத்துக் கிடந்தது. முதலில் பம்பரத்துக்கு அது பிடித்திருந்தது. அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார், மேசைகளைத் திருப்பவில்லை, தேநீரில் கை வைக்கவில்லை. வருஷம் ஒன்று போனதும் அந்தக் கோடே அவரை அரிக்க ஆரம்பித்தது. சிவப்புக் கோடு மூவாயிரத்தில் நிற்கிறது, இது அசைய மாட்டேன் என்கிறதே! தகர டப்பாவும் இப்படித்தான் ஒரு வருஷம் படுத்திருந்துவிட்டு அப்புறம்தான் சரிய ஆரம்பித்தது என்ற நினைப்பு வந்தது.

பித்தளைப் பிரிவில் பதினெட்டுப் பேர். அதன் மேற்பார்வையாளர் பம்பரத்தின் மச்சான், மனைவிக்கு நேர் இளையவர். பத்தொன்பது வருஷமாகப் பித்தளையைத் தவிர வேறொன்றும் தொட்டதில்லை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அத்தான்தான். தொழிற்சாலை வாசலைத் தாண்டிவிட்டால் மச்சான் மறந்தும் ‘அத்தான்’ என்று சொல்ல மாட்டார், ‘சார்’தான். வீட்டில் மறந்தும் ‘சார்’ வராது. ஒரே ஆளுக்கு இரண்டு நாக்கு இருப்பதுபோல் பழகிவிட்டார்.

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வரும் நாள். கம்பெனியைத் தொடங்கியவரின் மகள், அறுபதைத் தொட்டவர், மாதம் ஒருமுறை வந்து அரை மணி நேரம் கேட்டுவிட்டு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அவர் முன் வைப்பதற்குப் பம்பரம் ஒரு முடிவை எடுத்திருந்தார். பித்தளைப் பிரிவை மூடுவது. அந்த இடத்தில் சாவியே வேண்டாத நம்பர் பூட்டு செய்யும் மெஷினை இறக்குவது. மெஷினுக்கு ஆறு பேர் போதும், அதுவும் படித்த இளைஞர்களாக. மற்றவர்களுக்கு மூன்று மாதச் சம்பளமும் ஒரு நன்றிக் கடிதமும். யோசித்து யோசித்து, நடந்து நடந்து, மூன்று வாரமாகக் குட்டி போட்ட பூனை மாதிரி தொழிற்சாலைக்குள் சுற்றிச் சுற்றி வந்து எடுத்த முடிவு.

திங்கட்கிழமை மச்சானைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நின்றபடியேதான் சொன்னார்.

“வளராத சரக்குடா அது. பதினாலு மாசமா படுத்துக் கெடக்கு. நீ தப்பா நெனைக்காத, உனக்கு வேற எங்கயாவது ஏற்பாடு பண்றேன். மத்தவங்களுக்குத்தான்…”

மச்சானின் முகம் வெளுத்துப்போனது. பிறகு, “சார், ஒரு மாசம் டைம் குடுங்க,” என்றார்.

“எதுக்கு? ஒரு மாசத்துல என்ன ஆயிடும்?”

மச்சான் மெல்லப் படியிறங்கிப் போனார். பம்பரத்துக்கு எரிச்சல் வந்தது. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, இப்படி ஊமை மாதிரி போகிறவனை என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை கடைகளுக்குச் சரக்குப் பிடிக்கும் விற்பனைக்காரர் போன் செய்தார். “சார், பித்தளை கொஞ்சம் கூட அனுப்புங்க சார். நாலு கடையில கேக்கறாங்க, இல்ல இல்லன்னு சொல்லி எனக்கு வாய் வலிக்குது.” பம்பரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைக்காரன் எதைத்தான் கேட்க மாட்டான்? கோடு ஏறவில்லையே! அவருக்குக் கோடு சொல்வதுதான் பேச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். புது மெஷினுக்கு இடம் போதுமா என்று பார்க்க வேண்டும். பித்தளைப் பிரிவுக்குப் பின்னால் உடைந்த பிரஸ் மெஷின் ஒன்று கிடக்கும் பழைய அறை உண்டு; நடுச்சுவரை இடித்தால் சரியாக இருக்கும் என்று கணக்கு. போனால் கதவில் பூட்டு. அவர்கள் செய்கிற அதே பித்தளைப் பூட்டு. சாவி எங்கே என்று கேட்டால் ஸ்டோர்க்காரர் தலையைச் சொறிந்தார், பாலிஷ் அம்மா மேலே பார்த்தார், பெட்டி கட்டுகிறவர் திடீரென்று இரும ஆரம்பித்தார். பூட்டுத் தொழிற்சாலையில் ஒரு கதவுக்குச் சாவி இல்லை என்றால் சிரிப்பார்களா மாட்டார்களா? மச்சான் எங்கே என்று கேட்டார். மருந்துக் கடை வரைக்கும் போயிருக்கிறாராம்.

பம்பரத்துக்குக் காத்திருக்கத் தெரியாது. ஒரு கம்பியும் அரமும் எடுத்துவரச் சொன்னார். ஒரு காலத்தில் அவரும் பூட்டைப் பிரித்து மாட்டியவர்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கம்பியை நுழைத்துக் குடைந்தார். பூட்டு அசையவில்லை. வளைத்துக் குடைந்தார். அசையவில்லை. அரத்தால் வளையத்தைத் தேய்த்தார், கையில் கொப்புளம்தான் மிச்சம். பதினெட்டுப் பேரும் வேலையை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. வளராத சரக்கு என்று அவர் தள்ளிய பூட்டு, அவருடைய வியர்வையைத் தரையில் சொட்டச் சொட்ட வைத்துவிட்டுக் கல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மச்சான் வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், அத்தானின் கையைப் பார்த்தார். சட்டைக்குள்ளிருந்து கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினார்.

கதவு திறந்தது. உள்ளே உடைந்த பிரஸ்ஸைக் காணோம். தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதிய சீட்டு, மச்சானின் குண்டுக் கையெழுத்தில். பம்பரம் ஒரு பெட்டியைப் பிரித்தார். பளபளவென்று பித்தளைப் பூட்டுகள், நூலில் கட்டிய இரட்டைச் சாவியோடு, அறுபது. இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் அறுபது.

“எத்தனை பெட்டி?”

“நூத்தி அம்பத்தி ரெண்டு, சார்.”

“எதுக்கு?”

மச்சான் பிரித்த பெட்டியை மூடிவைத்தார். “அந்த மேசையெல்லாம் சுவத்தப் பாத்துத் திருப்புனீங்களே, அதுக்கப்புறம் ஆரம்பிச்சோம். நல்லா ஓடுற வாரத்துல கொஞ்சம் இங்க வச்சுடுவோம். ஓடாத வாரத்துல எடுத்துச் சேத்துக்குவோம். ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம்னு. கோடு நேரா இருந்தா நீங்க இந்தப் பக்கம் வர மாட்டீங்கன்னு…”

“அதுக்கு இத்தனை எப்படிச் சேந்துச்சு?”

“இந்த ஏழெட்டு மாசமா நெறைய ஓடுது சார். வாரத்துக்கு மூவாயிரம்கூடத் தாண்டிருக்கோம். வெளிய விட்டா கோடு ஏறிடும். ஏறினா ஞாயித்துக்கிழமை ஷிப்ட் வந்துடும். இன்னிக்கு விடலாம் நாளைக்கு விடலாம்னு பாத்துப் பாத்து அறை நெறைஞ்சு போச்சு.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

பம்பரம் திரும்பிப் பார்த்தார். பாலிஷ் அம்மா, பெட்டி கட்டுகிறவர், ஸ்டோர்க்காரர், வாசல் காவல்காரர்கூட வந்து நின்றிருந்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவருக்குக் கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தார்கள், அவரும் எதிர்பார்த்தார். கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது, காது மடல்வரை. இத்தனை பெரிய தொழிற்சாலையில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மனிதர், பதினான்கு மாதமாக மச்சான் வரைந்து கொடுத்த படத்துக்கு மை பூசிக்கொண்டிருந்திருக்கிறார்.

“திங்கக்கிழமை ஏண்டா சொல்லல? மூடப் போறேன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா பதினெட்டுப் பேரோட ஸ்டோர்க்காரரும் சேந்து போவார். சொல்லலன்னா பதினெட்டுப் பேரோட போயிடும். என்ன பண்றதுன்னு தெரியல, சார்.”

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு நடந்தே போனார். ஆறு மணி வெயிலில் தெருவில் இருந்த எல்லாக் கடை வாசலிலும் பூட்டுதான் கண்ணில் பட்டது. எதிரே இருந்த வழிகள் இரண்டு. வாயை மூடிக்கொண்டு நாளைக்குப் பிரிவை மூடிவிடலாம்; பெட்டிகளை இரும்புப் பூட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடலாம்; மானேஜர் மடையன் என்று யாருக்கும் தெரியாது. சொன்னால் மச்சானுக்கு வேலை போகும், ஏன், தனக்கே போகலாம். ஐம்பத்திரண்டு வயதில் எந்தக் கேட்டில் போய் நிற்பது?

மனைவி கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். “உனக்குத் தெரியுமா?”

“என்னது?”

“உன் தம்பி பூட்டை ஒளிச்சு வச்சது.”

அவள் புடவைத் தலைப்பை இழுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். “தெரியும்.”

“உனக்கும் தெரியுமா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்ங்க. அதான் சொல்லல.” பிறகு, எப்படியும் நனைந்தாகிவிட்டது என்பதுபோல், “இன்னொண்ணும் சொல்லிடறேன். பாப்பா மார்க் எழுபதுன்னு மாசாமாசம் சொல்றேனே, அதுல ஒண்ணுகூட நிஜம் இல்ல,” என்றாள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் உள்ளறையில் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“எழுபது இல்லன்னா?”

“ஒரு மாசம் முப்பத்தெட்டு, ஒரு மாசம் தொண்ணூத்தி நாலு. முப்பத்தெட்டுன்னு சொல்லியிருந்தா டியூஷன் மாத்தியிருப்பீங்க. தொண்ணூத்தி நாலுன்னு சொல்லியிருந்தா இன்னொரு டியூஷன் சேத்திருப்பீங்க. எழுபதுன்னா தலையை ஆட்டிட்டுப் பேசாம போயிடுவீங்க.”

பம்பரம் வாசற்படியிலேயே நின்றார். அவருக்கு வலித்தது, வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாத அளவுக்கு வலித்தது. “நான் அவ்வளவு பயங்கரமான ஆளா?” என்று கேட்டார்.

“பயங்கரம்லாம் இல்ல. சும்மா இருக்க மாட்டீங்க, அவ்வளவுதான்.” அவள் அவர் கையிலிருந்த கொப்புளத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மருந்து எடுத்துவந்தாள். பூசிக்கொண்டே சொன்னாள்: “கல்யாணமான புதுசுல ஒன்பது நாள் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் பார்க்ல உக்காந்தீங்களே, எதுக்கு? நான் என்ன உங்களைக் கடிச்சா தின்னிருப்பேன்?”

ஒன்பது நாள் பொய்யை அவள் இருபத்தாறு வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வந்தார். வழக்கம்போல் மேசையிலிருந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்துத் திறந்தார், மூடினார், திறந்தார். அப்படிச் செய்துகொண்டேதான் எதையும் கேட்பார்.

“நம்பர் பூட்டு பத்திப் பேசணும்னு சொன்னீங்க.”

பம்பரம் கொண்டுவந்திருந்த இரண்டு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார். அறை, பெட்டிகள், தேதிச் சீட்டு, மேசைகள், தேநீர், ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட், எதையும் விடவில்லை. நின்றபடியே சொன்னார், ஆனால் நடக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை பூட்டு திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“ஒளிச்சு வச்சது யாரு?”

“என் மச்சான். ஆனா தப்பு என்னோடதுங்க. எண்ணிக்கையைப் பாத்தா நான் ஆடுவேன்னு தெரிஞ்சுதான் அவங்க எண்ணிக்கையையே மாத்திட்டாங்க. ஒருத்தரை அனுப்பணும்னா என்னை அனுப்புங்க.”

“ரெண்டு பேரையும் அனுப்பிட்டு நான் உக்காந்து பூட்டு செய்யவா?” முதலாளியம்மா பூட்டை மேசையில் வைத்தார். “கடையில இந்தப் பூட்டு கேக்கறாங்களா?”

“கேக்கறாங்க. நாமதான் குடுக்கல.”

“சரி. இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கேள்விக்குப் பம்பரத்திடம் பதில் இல்லாமல் இருந்ததே கிடையாது. ஒன்றுக்கு ஏழு பதில் இருக்கும். இப்போதும் வந்தது, நாக்கு நுனியில் வந்து வரிசை கட்டி நின்றது: பெட்டிகளை எப்படி விடுவது, யாரை எங்கே மாற்றுவது, இன்னொரு மேற்பார்வையாளர், புதுப் பலகை. எல்லாவற்றையும் விழுங்கினார்.

“ஒண்ணும் பண்ணாம இருக்கப் போறேங்க. ஆறு மாசம். இருக்கற பெட்டியை ஸ்டோருக்கு விட்டுட்டு, அந்தப் பிரிவுல ஆளை மாத்த மாட்டேன், நேரத்தை மாத்த மாட்டேன், மேசையைத் தொட மாட்டேன். நிஜமான எண்ணிக்கை என்னன்னு முதல்ல பாக்கணும்.”

முதலாளியம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தே விட்டார். “மெஷின் வாங்கறேன்னு சொல்லுங்க, நம்பறேன். இது உங்களால முடியாதுங்க.”

“முடியலன்னா நான் போயிடறேன்.”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது அவருடைய நல்ல பெயர் அந்தத் தாளில் விழுந்தது, கொஞ்சம் கோணலாக.

முதல் திங்கட்கிழமை பழைய பெட்டிகளில் பாதி வெளியே போயிருந்தது. பலகையில் புள்ளி வைக்க இடமில்லாமல் சட்டத்தின் மேல் வைக்க வேண்டியிருந்தது. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். விற்பனைக்காரர் போனில் கும்பிடு போட்டார். இரண்டாவது திங்கட்கிழமை மீதிப் பெட்டிகளும் தீர்ந்தன. அதற்கு முந்தின சனிக்கிழமை மகள் தானாக வந்து கணக்குப் பாடத்தில் நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு, ஓடுவதற்குத் தயாராகக் கதவருகே நின்றாள். அவர் தொண்டையைச் செருமினார், கண்ணாடியைத் துடைத்தார், “சாப்டியா?” என்று கேட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் இருக்க அன்று மாலை அவர் மொட்டை மாடியில் நாற்பது சுற்று நடக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது திங்கட்கிழமை வந்தது. கைவசம் பெட்டி இல்லை. இனி வருவதுதான் நிஜம். ஸ்டோர்க்காரர் சீட்டை நீட்டியபோது கண்ணைப் பார்க்கவில்லை. ஆயிரத்து எண்ணூற்று எழுபது.

பம்பரம் புள்ளி வைத்தார். மை தானாகவே பலகையின் அடிவரை போய்விட்டதுபோல் இருந்தது. கோடு மலை உச்சியிலிருந்து உருண்ட பாறை மாதிரி இறங்கியது. தகர டப்பா, சங்கிலி, பூங்கா பெஞ்சு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. கால் தானாகப் பித்தளைப் பிரிவுக்கு நடந்தது. அவரால் அதை நிறுத்த முடியவில்லை.

அவர் உள்ளே நுழைந்ததும் பாலிஷ் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டி கட்டுகிறவர் தன் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், இப்போதே யாரோ தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்பதுபோல. பின்னறைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே உடைந்த பிரஸ் பழைய இடத்துக்கே வந்திருந்தது.

மச்சான் முன்னால் வந்தார்.

“இந்த வாரம் ரொம்பக் கம்மி, சார். ஸ்பிரிங் கம்பி சரியில்லாம வந்துருக்கு. மூணு நாளா மாட்டி மாட்டிக் கழட்டறோம். திருப்பி அனுப்பிட்டோம், வேற வருது. அடுத்த வாரமும் கம்மியாத்தான் இருக்கும்.”

பத்தொன்பது வருஷத்தில் அந்த இடத்தில் யாரும் அவரிடம் ஒரு கெட்ட எண்ணிக்கையைக் காரணத்தோடு, கேட்காமலே, சொன்னதில்லை. பம்பரத்துக்கு அது புரிந்தது. கம்பிக்காரனை மாற்றலாம். இரண்டு பேரை இரும்புப் பிரிவிலிருந்து இழுக்கலாம். தேநீரைத் தள்ளலாம். எட்டு யோசனை வந்தது, எட்டும் நல்ல யோசனை என்றே அவருக்குப் பட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“சரி,” என்றார்.

யாரும் அசையவில்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை.

“அவ்வளவுதானா… அத்தான்?”

தொழிற்சாலைக்குள் அந்த வார்த்தை முதல்முறையாக விழுந்தது. சொன்னவருக்கே அது தெரியவில்லை.

“அவ்வளவுதான்டா.”

திரும்பிப் படியேறித் தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தார், முழுதாக, முதுகைச் சாய்த்து. பதினோரு வருஷப் பிளாஸ்டிக் உறை டர்ரென்று குறுக்காகக் கிழிந்தது. கீழே பித்தளைப் பிரிவில் ஒரு பாலிஷ் சக்கரம் சுழலத் தொடங்கியது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். அவர் எழுந்திருக்கவில்லை. மேசைக்கு அடியில் கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.